லோஞ்ச் பழகிய கை

மாகிரட்டின் குசினியில் அந்த வருடம் சுளகுக்கு ஓய்வே இல்லை. காலையில் அவள் அதில் அரிசி புடைப்பாள். பின்னேரம் வேலையால் வந்து குளித்துவிட்டு, அவள் கணவன் பேணாட் அதையே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதிரையில் இருப்பான். அதுதான் அவனுக்கு விமானத்தின் சுக்கான். வலப்பக்கம் ஒரு மா டின்னுக்குள் இரண்டு அகப்பைகள் நட்டிருக்கும். இரண்டு இஞ்சின்களின் வேகப்பிடிகள் அவை. காலடியில் மிதிபலகைகளாக இரண்டு பொச்சுமட்டை. மாகிரட் தேங்காய் துருவியபடியே விமானத்தை இறக்குமுன் சரிபார்க்க வேண்டியவற்றை அவன் எழுதிவைத்த தாளைப் பார்த்து வாசிப்பாள்.

"சில்லு?"

"இறக்கியாச்சு."

"ஃபிளப்ஸ்?"

"முழுக்க."

"இந்தளவு புளி குழம்புக்குக் காணுமோ?"

"காணும்… இஞ்சேரும், அது தாளில இல்லை!"

அவள் சிரிப்பாள். அவன் சிரிக்கமாட்டான். கண் அடுப்புச் சுவரைத் தாண்டி எங்கேயோ ஓடுபாதையைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

பேணாட் ஒரு காலத்தில் உண்மையாகவே பறந்தவன். கொழும்பில் ஒரு சின்னக் கம்பனியின் விமானத்தை ஓட்டினான். எழுபதுகளின் தொடக்கத்தில் நாட்டில் சீனிக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற காலத்தில், இஞ்சின் உதிரிப்பாகங்களை யார் இறக்குமதி செய்வார்கள்? கம்பனி பூட்டுப்பட்டது. பேணாட் சொந்த ஊரான திருகோணமலைக்கு வந்து, துறைமுகத்தில் லோஞ்ச் என்கிற இயந்திரப் படகை ஓட்டி, ஜெட்டி என்கிற படகுத்துறையில் அணைக்கும் வேலைக்குப் போனான். லிங்கநகரில் சின்ன வீடு. வாழ்க்கை ஓடத்தான் செய்தது. ஆனால் சீனக்குடா விமானத்தளப் பக்கமிருந்து ஒரு விமானம் எழும்பினால், சாப்பாட்டுக் கோப்பையில் அவன் கை அப்படியே நின்றுவிடும். அந்தக் கையைப் பார்த்துப் பார்த்தே மாகிரட்டுக்கு எல்லாம் விளங்கியது.

அதனால்தான், உள்ளூர் விமான சேவை ஒன்று புதிதாகத் தொடங்கப்போகிறது, திருகோணமலைக்கும் யாழ்ப்பாணத்துக்கும் ஆட்களை ஏற்றப்போகிறது, விமானிகள் தேவை என்று பேப்பரில் கண்டதும், அவள்தான் முதலில் சொன்னாள்: "எழுதிப் போடுங்கோ." நாற்பது வயது தாண்டினால் எடுக்கமாட்டார்களாம். பேணாட்டுக்கு அடுத்த மாரியில் நாற்பது. இதை விட்டால் இனி அகப்பைதான்.

லீவு போட்டு, கொழும்புப் பக்கம் இரத்மலானை விமானத்தளத்துக்குப் போய், டொக்டரிடம் கண்ணையும் காதையும் காட்டி, பயிற்சியாளருடன் பறந்து, காலாவதியான லைசன்ஸைப் புதுப்பித்துக்கொண்டு வந்தான். கடைசியாக ஒன்று மட்டும் மிச்சம் இருந்தது. கம்பனியின் தலைமை விமானி கப்டன் கலீலுர் றஹ்மான் சீனக்குடாவுக்கு வருகிறார். அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேணாட் விமானத்தை ஏற்றி இறக்கிக் காட்டவேண்டும்.

அன்றைக்குக் கச்சான் காற்று புழுதியை அள்ளி அடித்தது. மாகிரட்டை வேனில் ஏற்றி வந்தவர் ஸெய்னுதீன். லோஞ்சில் இஞ்சின் பார்ப்பவர். பேணாட்டோடு வருடக்கணக்காய் ஒரே தண்ணீரில் கிடந்தவர்; இருவருக்கும் அண்ணன் முறையில் 'நானா'.

"தங்கச்சி, உங்கட மாப்பிள்ளைக்கு ஒண்டு சொல்லி அனுப்பினீங்களா? மேல ஜெட்டி இல்ல. கயிறு எறியுறதுக்கு நானும் இல்ல."

"சும்மா இருங்கோ நானா. எனக்கு நெஞ்சு பதறுது."

இருவரும் வேலியோரம் நின்றார்கள். விமானம் எழும்பி, நகருக்கு மேலால் வளைந்து, உள்துறைமுகத்துத் தண்ணீருக்கு மேலால் திரும்பி வந்தது. அங்கே ஓடுபாதை தண்ணீர் விளிம்பிலிருந்தே தொடங்குகிறது. அழகாய்த்தான் வந்தது. திடீரென்று இஞ்சின் சத்தம் தணிந்தது.

மாகிரட் வேலியை எட்டிப் பிடித்தாள். அந்தத் தணிவு அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பேணாட் லோஞ்சை ஜெட்டியில் அணைக்கும் விதம் துறைமுகத்துக்கே தெரிந்த விஷயம். மற்றவர்கள் ஜெட்டி வரைக்கும் இஞ்சினை முழக்கிக்கொண்டு வருவார்கள். அவனோ வெகு தூரத்திலேயே வேகத்தைக் குறைத்துவிடுவான். லோஞ்ச் தன் பாட்டில் வழுக்கி வந்து, டயரில் முட்டுகிற சத்தம்கூட இல்லாமல் நிற்கும். பார்க்க ஆசையாய் இருக்கும். ஆனால் தண்ணீர் தாங்கும், எதிர்க்காற்று தாங்குமா?

விமானம் தண்ணீரை நோக்கித் தாழ்ந்தது.

"அல்லாஹ்! லோஞ்ச் எண்டு நினைச்சிட்டான்!" என்றார் ஸெய்னுதீன்.

அவர் சொல்லி முடிக்கவில்லை, இரண்டு இஞ்சினும் ஒன்றாய் முழங்கின. விமானம் மூக்கை நிமிர்த்தி, ஓடுபாதைக்கு மேலாலேயே பறந்து, மறுபடி வானத்துக்கு ஏறியது. இன்னொரு தரம் சுற்றி வந்தது. இந்தத் தரம் சத்தம் குறையவில்லை. கச்சானுக்குள் முகத்தைக் கொடுத்து உறுதியாய் வந்து இறங்கியது.

பேணாட் முதலில் இறங்கி வந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கப்டன் உள்ளே ஏதோ சரிபார்த்துக்கொண்டிருந்தார். ஸெய்னுதீன் வேலியில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, காத்து அமத்திப் போட்டுது எண்டு சொல்லு. இண்டைக்குக் கச்சான் அடிக்கிறது ஊருக்கே தெரியும். ஆர் பிழை பிடிக்கிற?"

பேணாட் மாகிரட்டைப் பார்த்தான். அவனுக்கு எதையும் சொல்லித்தரத் தேவையில்லை என்று அவளுக்குத் தெரியும்.

கப்டன் வந்தார். "மிஸ்டர் பேணாட், முதல் தரம் என்ன நடந்தது?"

"பிழை என்ர, சேர். கீழ துறைமுகத் தண்ணியைக் கண்டதும் கை லோஞ்ச் ஓட்ட வெளிக்கிட்டிட்டுது. நேரத்தோட பவரைக் குறைச்சுப் போட்டன்."

"காத்தும் இருந்ததுதானே?"

"காத்து இருந்தபடியால் இன்னும் கூட பவர் வைச்சிருக்க வேணும், சேர். நான் வைக்கேல்லை."

ஸெய்னுதீன் தலையில் கை வைத்தார். மாகிரட்டுக்கோ, புழுதி படிந்த அந்த முகத்தை அங்கேயே சேலைத் தலைப்பால் துடைத்துவிட வேண்டும் போல் இருந்தது.

கப்டன் தண்ணீர்ப் பக்கம் பார்த்தார். "இங்க வாற ஒவ்வொரு தரமும் அதுக்கு மேலாலதான் வரவேணும். பின்னால சனம் இருக்கும். லோஞ்சை விட்டிடுங்க. ஒரு மாசம் அதிட வேகப்பிடியில கை படவே கூடாது. இரத்மலானைக்கு வந்து எங்கட ஆக்களோட பறங்க. மாசம் முடிய இதே இடத்தில இறக்கிக் காட்டுங்க. வேலை தாறன் எண்டு இப்ப வாக்குக் குடுக்க ஏலாது."

வீட்டுக்குத் திரும்ப மூவரும் வேனில் ஏறினார்கள். அன்புவழிபுரம் தாண்டியதும் பேணாட்தான் வாய் திறந்தான்.

"லோஞ்சை விட்டா அடுத்த கிழமையே வேற ஆளைப் போட்டிடுவாங்கள். இதுவும் கிடைக்காட்டி?"

"கிடைக்காட்டி நான் தையல் மெசினை இன்னும் கொஞ்சம் மிதிக்கிறன்," என்றாள் மாகிரட். "இஞ்சேருங்கோ, விழுறது கண்டு நீங்கள் திருப்பி எழும்பினதைக் கீழ நிண்டு பாத்தனான். பிறகு, உங்கட வாயாலேயே பிழை எண்டு சொன்னதையும் கேட்டனான். அப்பிடிப்பட்ட ஒருத்தர் ஓட்டினால் நான் கண்ணை மூடிக்கொண்டு ஏறுவன். விட்டிடுங்கோ."

"அப்ப என்னை ஆர் கரை சேக்கிறது?" என்று ஸெய்னுதீன் புறுபுறுத்தார்.

மறுநாளே வேலையை விட்டுவிட்டு, பேணாட் இரத்மலானைக்கு ரயிலேறினான். ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டுக்கு வருவான். தேவாலயத்தில் பூசை முடிந்து இருவரும் ஜெட்டிப் பக்கம் நடப்பார்கள். ஒரு நாள் புதிய ஓட்டுநர் லோஞ்சைக் கொண்டுவந்து ஜெட்டியில் மோதினான். பலகை முறிகிற சத்தம். பின்வாங்கி வந்து மறுபடியும் மோதினான்.

"தம்பி, ஒருக்கா வந்து அணைச்சுக் குடுத்திட்டுப் போடா! கப்டனுக்கு ஆர் சொல்லப்போற!" ஸெய்னுதீன் லோஞ்சுக்குள் நின்று கெஞ்சினார்.

பேணாட்டின் தோள் துடிப்பதை மாகிரட் கண்டாள். அவன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோர்த்துக்கொண்டான்.

"ஏலாது நானா."

"பாருங்க தங்கச்சி, கலியாண மாப்பிள்ளை மாதிரிக் கையைக் கட்டிக்கொண்டு நிக்கிறதை!"

அவள் சிரித்தாள். ஆனாலும் தன் மனிதனை அவள் அவ்வளவு பெருமையோடு அதுவரை பார்த்ததில்லை. தனக்கு நன்றாய்ப் பழகியதை, எல்லாரும் மெச்சுகிற ஒன்றை, தொடாமல் நிற்பது லேசான காரியமா?

மாதம் முடிந்தது. அன்றும் அதே கச்சான், அதே வேலி. விமானம் துறைமுகத்துத் தண்ணீருக்கு மேல் வந்தபோது மாகிரட் ஜெபம் சொல்லவும் மறந்துபோனாள். காது மட்டுமே வேலை செய்தது. சத்தம் தணியவில்லை. தண்ணீர் முடிந்து தார் தொடங்கிய பிறகுதான் மெல்லத் தணிந்தது. சில்லு தொட்டது.

கப்டன் அவன் கையைப் பிடித்துக் குலுக்குவது தூரத்திலிருந்தே தெரிந்தது. ஆனால் வேலிக்கு வந்த பேணாட்டின் முகம் ஒரு மாதிரியாய் இருந்தது.

"என்னவாம்?"

"திங்கட்கிழமை வேலைக்கு வரட்டாம்."

"மாதாவே! பிறகேன் இந்த முகம்?"

"முதல் வருசம் துணை விமானி. வலப்பக்கக் கதிரை."

"அதில இருந்தாப் பறக்காதோ?"

"பறக்கும். ஆனால் மாகிரட், நான் பழக்கித் திருத்தினது வலது கையை. அதில இருந்தா வேகப்பிடி இடது கைக்கெல்லோ வரும்!"

ஸெய்னுதீன் வேலியைப் பிடித்தபடியே நிலத்தில் குந்திவிட்டார். "அப்ப இந்த மாசம் முழுக்க வலது கையை ஏன்டா கட்டி வைச்ச?"

பேணாட்டுக்கு முதலில் வாயோரம் துடித்தது. பிறகு அடக்கமுடியாமல் சிரித்தான். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தான். அவன் பறப்பை விட்ட எட்டு வருடமாய் இந்தச் சிரிப்பு எங்கே கிடந்தது என்று மாகிரட் நினைத்துக்கொண்டாள்.

"காணும், காணும்," என்றாள், தானும் கண்ணைத் துடைத்தபடி. "வெள்ளைச் சட்டை ரெண்டு தைக்கவேணும். நடவுங்கோ."