துவைக்காத புடவை

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் கவரை யார் எங்கே வைத்தார்கள் என்று கல்பனா தேடிக்கொண்டிருந்தபோது வாசலில் மேளம் தொடங்கிவிட்டது. ஐஸ் பெட்டிக்குப் பின்னால் பார்த்தாள், பீரோவுக்கு மேலே பார்த்தாள், இல்லை. பெற்றவள் கூடத்தில் மஞ்சள் பூசிய முகத்தோடும் மாலையோடும் படுத்திருக்க, மகள் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டுத் துழாவிக்கொண்டிருந்தால் சாவு வீடு சும்மா இருக்குமா?

"இன்னாத்தடி தேடுற? நகையா?" என்றாள் அத்தை. அப்பாவோடு கூடப் பிறந்தவள். செய்தி கேட்டதும் திருவொற்றியூரில் முதல் ரயிலைப் பிடித்து வந்தாள். வந்ததிலிருந்து இந்தச் சாவை அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள்.

"இல்ல அத்தை. அம்மா ஆஸ்பத்திரிக்குக் கட்டிக்கினு போன பொடவ. கவர்ல போட்டுக் குட்த்தாங்களே."

"அதுவா? நான்தான் எட்த்து வச்சிக்கிறேன். பாடையில கட்டி அனுப்பணும். செத்தவங்க கடைசியா கட்ன துணி ஊட்ல தங்கக் கூடாது." பிறகு பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினாள். "பெத்தவ போய்ட்டா, கண்ல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. எரும மேல மழ பேஞ்ச மாறி நிக்கிறா பாரு."

எருமை மேல் மழை பெய்தால் அதற்கு உறைக்காது என்று சொல்கிறவர்கள் எருமை வளர்க்காதவர்கள். அத்தை இந்த வீட்டில்தான் பிறந்தாள், ஆனால் பட்டணத்துக்கு வாழ்க்கைப்பட்டுப் போனதில் எல்லாம் மறந்துவிட்டது. கல்பனாவின் காது பின்பக்கம் கொட்டகையில் இருந்தது. அங்கே சுட்டி கத்திக்கொண்டிருந்தது.

நெற்றியில் வெள்ளையாக ஒரு சுட்டி இருப்பதால் அந்தப் பெயர். வீட்டில் மிச்சமிருக்கும் ஒரே எருமை. முந்தாநாளிலிருந்து யாரையும் காம்பில் கைவைக்க விடவில்லை. மடி வீங்கி, தொட்டால் கல் மாதிரி இருந்தது.

அம்மா பூவம்மாள் பொதட்டூர்பேட்டையிலிருந்து கும்மிடிப்பூண்டிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்தபோது இந்தக் கொட்டகையில் முப்பதுக்கு மேல் எருமைகள் நின்றன. பெண் பார்க்க வந்த மாமியார் தன் முகத்தைப் பார்க்கவேயில்லை, விரலைத்தான் பிடித்துப் பிடித்துப் பார்த்தாள் என்று அம்மா சிரித்துக்கொண்டே சொல்வாள். இருட்டோடு எழுந்து கறந்தால் அப்பா தணிகாசலம் கேன்களைச் சைக்கிளில் கட்டி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோவார். பட்டணத்து டீக்கடைகளுக்குப் பால் ரயிலேறும். தீனி போடுவதும் சாணி வாருவதும் அப்பா, மடியில் கைவைப்பது அம்மா. எந்த நாளிலும் இது மாறியதில்லை.

அப்புறம் கம்பெனிகள் வந்தன. மேய்க்கால் நிலத்தைச் சுற்றி முதலில் கம்பி வந்தது, பிறகு சுவர் வந்தது. புல் மேல் கரி படிந்தது. ஒரு கோடையில் கால்வாய்த் தண்ணீர் குடித்த எருமைகள் வயிறு உப்பிச் செத்தன. எந்தக் கம்பெனித் தண்ணீர் என்று கேட்டால் ஒவ்வொருத்தரும் அடுத்த கம்பெனியைக் கைகாட்டினார்கள். ஊரில் எல்லாரும் மாட்டை விற்றுவிட்டு வடநாட்டு ஆட்களுக்கு ரூம் கட்டி வாடகைக்கு விட்டார்கள். பூவம்மாள் மட்டும் விடவில்லை. ஆனாலும் கல்யாணத்துக்கு ஒன்று, படிப்புக்கு ஒன்று, வைத்தியத்துக்கு ஒன்று என்று எருமைகள் போய்க்கொண்டே இருந்தன.

அம்மா வாழ்ந்தது நல்ல வாழ்க்கை என்று கல்பனாவால் மனசறிந்து சொல்ல முடியாது. எந்தக் கல்யாணத்திலும் அவள் ஒரு ராத்திரி தங்கியதில்லை. கல்பனாவுக்கு இரண்டாவது குழந்தை பிறந்தபோது மணவாள நகரில் மகள் வீட்டுக்கு வந்தாள். பிள்ளையைக் கையில் வாங்கிப் பார்த்தாள். சாயங்காலக் கறவைக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டாள். அந்தக் கோபம் கல்பனாவுக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை. இப்போது அதைக் காட்ட ஆளும் இல்லை.

சுட்டியின் கன்று இரண்டு மாதம் முன்னால் செத்தது. கன்று இல்லாத எருமை லேசில் பால் இறக்காது. மாட்டுத் தரகர் ராஜமாணிக்கம் வந்து, "தோலை உரிச்சி வைக்கோல் அடைச்சித் தரேன்கா, பக்கத்துல நிறுத்து, அது கன்னுன்னு நெனச்சிக்கினு கறக்கும்" என்றார். ஊரில் எல்லாரும் செய்கிறதுதான். அம்மா கேட்கவில்லை. "செத்ததக் காட்டிப் பெத்தவள ஏமாத்தறதா? அந்தப் பாவம் எனக்கு வாணாம்" என்று சொல்லிவிட்டாள். அதன் பக்கத்திலேயே சாக்கை விரித்துப் படுத்தாள். நீவிக் கொடுத்தாள், பேசினாள். ஒரு வாரத்தில் சுட்டி அவள் கைக்குப் பால் இறக்கியது, வேறு யார் கைக்கும் இல்லை.

போன வாரம் அம்மா கொட்டகையிலேயே மயங்கி விழுந்தாள். ஆஸ்பத்திரியில் வாய் கோணிக் கிடந்தபோதும் கல்பனாவைக் கூப்பிட்டு, "என் பழய பொடவய கட்டிக்கினு போய் ஒக்காரு. தொவச்சிடாத" என்றாள். முதல் இரண்டு நாள் அது பலித்தது. மூன்றாம் நாள் தம்பி பொண்டாட்டி காயத்ரி, மாமியார் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வரும்போது நல்ல துணியாகக் கட்டிக்கொள்ளட்டும் என்று, அவள் புடவை எல்லாவற்றையும் வாரி மெஷினில் போட்டு, வாசனைத் திரவமும் ஊற்றி, மடித்து வைத்துவிட்டாள். நல்ல மனசோடு செய்ததுதான். அன்று சாயங்காலம் சுட்டி கல்பனாவை முகர்ந்தது, எட்டி உதைத்தது. பால் குண்டான் உருண்டு வாசல் வரை போனது.

"எனக்குத் தெரியாம போச்சி அண்ணி" என்று காயத்ரி அழுதாள். அவளைத் திட்டி என்ன ஆகப்போகிறது!

தம்பி சரவணகுமார் காலையிலேயே சொல்லிவிட்டான். கெட்டவன் இல்லை, இரும்பு உருக்குகிற கம்பெனியில் ஷிப்ட் பார்த்துப் பார்த்து எல்லாவற்றையும் சுருக்கமாக முடிக்கப் பழகிவிட்டான். "கறக்கற எருமன்னா நிக்கட்டும்கா, நைனாவுக்கும் ஒரு வேல இருக்கும். கறக்காதத யாரு பாக்கறது? ராஜமாணிக்கம் சாயங்காலம் வரேன்னாரு."

"கறிக்குத்தானடா போவும்?"

அவன் பந்தல்காரனைப் பார்க்கப் போனான்.

அப்பா வாசலில் ஆண்களோடு உட்காரவில்லை. நாற்காலி போட்டுக் கூப்பிட்டால் வந்து உட்கார்வார், சற்று நேரத்தில் எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். சுட்டிக்கு முன்னால் நிற்பார், தீனியைக் கிளறிவிடுவார், திரும்பி வருவார். அந்த எருமையும் போனால் நாளைக் காலையில் எழுந்திருக்க அவருக்கு ஒரு காரணமும் இருக்காது. கல்பனாவுக்கு அது ஒன்றுதான் பயம். சாயங்காலத்துக்குள் சுட்டி பால் இறக்கியாக வேண்டும். அதற்குத் துவைக்காத புடவை ஒன்று வேண்டும், உலகத்தில் அப்படி மிச்சமிருப்பது ஆஸ்பத்திரிக் கவரில் இருந்தது.

அத்தை கவரைச் சாமி அலமாரிக்குக் கீழே செருகி வைத்திருந்தாள். பூப்பல்லக்கு வந்து நின்று எல்லாரும் வாசலுக்கு ஓடியபோது கல்பனா அதை எடுத்தாள். உள்ளறைக்குப் போய், பச்சைக் கட்டம் போட்ட அந்த நூல் புடவையை உருவிப் பாயின் சுருளுக்குள் வைத்தாள். காயத்ரி துவைத்து மடித்ததில் ஒன்றைக் கவரில் திணித்து, முடிச்சுப் போட்டு, இருந்த இடத்திலேயே வைத்தாள். அம்மாவுக்குச் செய்கிற கடைசிக் காரியத்தில் திருட்டு.

சற்று நேரத்தில் அத்தையே அந்தக் கவரைக் கொண்டுபோய்ப் பாடையின் கால்மாட்டில் கட்டினாள். அம்மா பூவோடும் பொட்டோடும், அவள் பெயர்கூடக் கேட்டறியாத ஏதோ ஒரு வாசனையோடும் தெருவில் இறங்கிப் போனாள்.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போனதும் பெண்கள் வீட்டைக் கழுவிவிடத் தொடங்கினார்கள். தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளாமல் யாரும் எதையும் தொடக்கூடாது என்று அத்தை கத்திக்கொண்டிருந்தாள். கல்பனா குளிக்கவில்லை. குளித்துவிட்டுப் போனால் பிரயோஜனம் இல்லை. பச்சைக் கட்டப் புடவையைக் கட்டிக்கொண்டு, வெந்நீரும் விளக்கெண்ணெயும் குண்டானும் எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனாள்.

புடவையில் பினாயில் நாற்றம் கொஞ்சம் அடித்தது. அதற்கு அடியில் வியர்வையும் தவிடும் சாணிப் புகையும் அப்படியே இருந்தன. சுட்டி மூக்கை நீட்டியது. தோளை முகர்ந்தது, முந்தானையை முகர்ந்தது, இடுப்பில் செருகிய கொசுவத்தில் மூக்கை வைத்து வெகுநேரம் நின்றது. பிறகு முந்தானையை நாக்கால் நக்கியது. தொண்டைக்குள்ளேயே அடங்கின குரலில் ஒரு தரம் கூப்பிட்டது. கன்றைக் கூப்பிடுகிற குரல்.

கல்பனா குந்தி உட்கார்ந்து மடியைக் கழுவி எண்ணெய் தடவினாள். உதை வரவில்லை. கைக்குள் காம்பு மெல்லத் தளர்ந்து நிரம்புவது தெரிந்தது. சுட்டி நம்பிவிட்டது. வைக்கோல் அடைத்த தோல் வேண்டாம் என்றாளே அம்மா, இங்கே தோலாக உட்கார்ந்திருப்பது தான்தான் என்று கல்பனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலையிலிருந்து வராத அழுகை வந்தது. எருமையின் விலாவில் நெற்றியை முட்டுக்கொடுத்துக்கொண்டு, அழுதுகொண்டே கறந்தாள்.

குண்டானில் விழுந்த சத்தம் சரியில்லை. குனிந்து பார்த்தாள். மஞ்சள் தண்ணீரில் கட்டி கட்டியாகத் திரிந்து விழுந்தது. அடுத்த காம்பும் அப்படித்தான். மூன்றாவதில் இளஞ்சிவப்பாக வந்தது. அவள் நிறுத்தவில்லை. அதற்கு வலி குறையட்டும் என்று, நாலு காம்பையும் கடைசிச் சொட்டு வரை பீய்ச்சினாள். சுட்டி அசையாமல் அவளுக்காக நின்றது.

"கறந்தாச்சா?"

பின்னால் அப்பா நின்றிருந்தார். சுடுகாட்டிலிருந்து வந்து குளித்த ஈர வேட்டியோடு நேராக இங்கே வந்திருந்தார். தினமும் இந்த நேரத்துக்குக் கேட்கிற கேள்வி, தினமும் கேட்கிற குரல். அம்மா புடவையின் முதுகைப் பார்த்துக்கொண்டு யாரைக் கேட்டார் என்று கல்பனாவுக்குத் தெரியவில்லை. திரும்பிப் பார்க்கத் தைரியம் இல்லை.

"கறந்தாச்சி நைனா" என்றாள், சுவரைப் பார்த்துக்கொண்டு.

அவர் வந்து குண்டானுக்குள் பார்த்தார். விரலை விட்டுத் தேய்த்து மோந்தார். வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"மடி போச்சிமா."

"டாக்டர வரச் சொல்லட்டா நைனா? ஊசி போட்டா..."

"நாலும் போச்சி." அவர் சுட்டியின் நெற்றியைத் தடவினார். "உங்கம்மா இருந்தா உட்டிருக்க மாட்டா."

அது தன்னைச் சொன்னதா, அவர் தன்னையே சொல்லிக்கொண்டதா என்று கல்பனா கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர் சொல்லியிருக்க மாட்டார்.

ராஜமாணிக்கம் சின்ன லாரியோடு இருட்டுவதற்குள் வந்தார். சாவு வீடு என்று விலை பேசாமல், குரலை உயர்த்தாமல், சரவணகுமாரிடம் ஓரமாக ஏதோ சொன்னார். அப்பாவே போய்க் கட்டுத்தறியிலிருந்து சுட்டியை அவிழ்த்துக்கொண்டு வந்தார். பச்சைக் கட்டப் புடவையில் நின்ற கல்பனாவைத் தாண்டும்போது சுட்டி நின்றுவிட்டது. அவள் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகுதான் சுட்டி காலை எடுத்துவைத்தது.

மாட்டை விற்றாலும் கயிற்றை விற்கமாட்டார்கள். கயிறு வீட்டில் இருந்தால் அடுத்த மாடு வரும். முப்பது எருமைகள் போனபோதும் அம்மா முப்பது கயிற்றையும் வாங்கி வைத்துக்கொண்டவள். ராஜமாணிக்கம் வேறு கயிறு கொண்டுவந்திருந்தார், அதை மாட்டிவிட்டுப் பழையதைச் சுருட்டி நீட்டினார்.

"அண்ணே, கயிறு."

"நீயே எட்த்துக்கினு போ" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் சுடுகாட்டுக்குப் பால் தெளிக்கப் போக வேண்டும். ராகுகாலம் வருவதற்குள் கிளம்புங்கள் என்று அத்தை எல்லாரையும் விரட்டிக்கொண்டிருந்தாள். சரவணகுமார் தெருமுனைக் கடைக்குப் போய்ப் பாக்கெட் பால் வாங்கிவந்து, அக்காவின் முகத்தைப் பார்க்காமல் அடுப்பு மேடையில் வைத்துவிட்டு வண்டியை எடுக்கப் போனான். கல்பனா ஓரத்தைப் பல்லால் கடித்துக் கிழித்தாள். ஃபிரிட்ஜிலிருந்து வந்த பால், பல் கூசியது. செம்பில் ஊற்றினாள்.

அப்பா கையை நீட்டி வாங்கிக்கொண்டார். உள்ளே பார்த்தார். செம்பில் கொஞ்சம்கூட நுரை இல்லை. தோளிலிருந்த துண்டை எடுத்து, கறந்த பாலைத் தெருவில் கொண்டுபோகிறவர்கள் கண்படாமல் மூடுவார்களே, அது மாதிரி செம்பின் வாயை மூடிக் கையால் பிடித்துக்கொண்டு, மகன் வண்டியின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.