கை கொடுத்தால்தான் அப்பம்

அந்தச் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வேறு சபைக்காரர்கள் கேட்டால் சிரிப்பார்கள். ஆனால் அங்கே அதைத் தொட்டுப் பேச ஒருவருக்கும் தைரியம் கிடையாது. சபைக்குள் இரண்டு பேருக்கு மனஸ்தாபம் என்று தெரிந்துவிட்டால், அந்த இரண்டு பேரும் எல்லார் முன்னாலும் கை கொடுத்துக்கொள்கிறவரைக்கும் திருவிருந்து கிடையாது. அவர்களுக்கு மட்டுமல்ல, யாருக்குமே கிடையாது. மேசைமேல் வெள்ளைத் துணி விரியாது, அப்பம் வராது, திராட்சை ரசம் வராது. ஒரே வீட்டில் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பந்தி எப்படிப் பரிமாறுவது என்று பழைய ஆட்கள் வைத்துவிட்டுப் போன சட்டம். நல்ல சட்டம்தான், இல்லையென்று யார் சொன்னது. மதில் சண்டை, மாமியார் சண்டை, கல்யாணத்துக்குச் சொல்லாமல் விட்ட சண்டை எல்லாம் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் பைசலாகிவிடும். யார் முதலில் கை நீட்டுவது என்பதிலும் குழப்பம் இல்லை. அடிபட்டவர்தான் நீட்ட வேண்டும்.

இந்த முறை அடிபட்டவள் அக்கா.

அவளுக்கென்று ஒரு பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் ஆஸ்பத்திரித் துணி தேய்க்கிற சலவைக்கூடத்தில் அவளைவிட வயதில் பெரியவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளுக்கு ஒரே தம்பி. வாய் ஓயாமல் விசிலடிப்பான் என்று அவனுக்கு விசில் என்றே பெயர் விழுந்துவிட்டது. அப்பா போனபிறகு அவனைத் தூக்கி வளர்த்தது, மூக்குச் சிந்திவிட்டது, பொய் சொன்னால் முதுகில் ஒன்று வைத்தது எல்லாம் அக்காதான். அம்மா பெற்றதோடு சரி, மிச்சமெல்லாம் மகள் தலையில்.

விசில் வேலை பார்த்தது மூப்பருடைய பேக்கரியில். மூப்பர் என்றால் சபைக்கு மூப்பர். போதகருக்கு அடுத்த நாற்காலி அவருடையது. திருவிருந்துக்கு அப்பம் அவர் பேக்கரியிலிருந்துதான் வரும், அதுவும் காணிக்கையாக.

அங்கே மாவு பிசைகிற மெஷின் ஒன்று உண்டு. பெரிய அண்டா, உள்ளே சுற்றுகிற இரும்புக் கை, மேலே கம்பி வலை மூடி. மூடியைத் தூக்கினால் இரும்புக் கை நின்றுவிட வேண்டும். அதற்காகவே மூடிக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச். அந்த சுவிட்சைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டால் மூடி திறந்திருந்தாலும் மெஷின் சுற்றும், சுற்றச் சுற்றவே மாவைக் கொட்டலாம். வேலை சுருக்காக முடியும். அப்படிக் கட்டித்தான் இருந்தது. ஒருநாள் காலையில் விசிலின் சட்டைக் கை உள்ளே மாட்டிக்கொண்டது. அதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது. பெட்டியைத் திறக்காமலே அடக்கம் பண்ணினார்கள்.

விசாரணைக்கு வந்தவர்களிடம் மூப்பர் கண்கலங்கிச் சொன்னார், வேண்டாம் வேண்டாம் என்று தான் எத்தனையோ தடவை சொல்லியும் பையன்தான் தன் இஷ்டத்துக்குக் கட்டிக்கொண்டான் என்று. செத்தவன் எழுந்து வந்து இல்லையென்று சொல்லப்போகிறானா. அவர்களும் மெஷினைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அடக்கத்துக்கு மூப்பரே மாலை கொண்டுவந்தார், பெட்டிக்கு ஒரு பக்கம் தோளும் கொடுத்தார். பிள்ளையைக் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை அக்கா அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். அந்த வாரத்துக்குள் அதே அண்டாவைக் கழுவித் துடைத்து மறுபடி ஓட்டியாகிவிட்டது. ஊருக்கு ரொட்டி வேண்டாமா.

அக்கா கை கொடுக்கவில்லை. மூப்பர் எதிரே வந்தால் தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனாள். பந்தி நின்றது.

முதல் மாதம் எல்லாரும் பாவம் என்றார்கள். அடுத்த மாதம், பாவம்தான், இருந்தாலும் என்றார்கள். அதற்கு அடுத்த மாதம் வெறும் இருந்தாலும் மட்டும் மிஞ்சியது. ஒருத்தி வந்து, ஆபரேஷனுக்கு முன்னால் அப்பம் வாங்க ஆசைப்படுவதாகச் சொல்லிவிட்டுப் போனாள். இன்னொருத்தி வந்து, ஏழெழுபது தடவை மன்னிக்கச் சொல்லி வேதத்திலேயே இருக்கிறதே என்று நினைவுபடுத்தினாள். அவள் தன் ஓரகத்தியோடு பேசி வருஷக்கணக்காகிறது என்பது சபைக்கே தெரியும், ஆனால் ஓரகத்தி வேறு சபை, அதனால் கணக்கில் வராது.

கடைசியில் போதகரே சலவைக்கூடத்துக்கு வந்தார். மத்தியானச் சாப்பாட்டு நேரம். நீராவியும் சோப்பு வாசனையுமாக இருந்த இடத்தில், ஈரப் போர்வைக் குவியலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான். விசிலுக்காக மெய்யாகவே அழுதவர். மடித்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் மரியாதைக்காக அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொண்டார்கள்.

போதகர் சுற்றி வளைக்கவில்லை. "கடவுள் நம்மளப் பொம்மையா படைக்கலம்மா. நல்லது செய்யவும் கெட்டது செய்யவும் இஷ்டம் கொடுத்திருக்காரு. ஒவ்வொரு தடவையும் கையப் புடிச்சு நிறுத்துனா, அப்புறம் அன்புன்னு ஒண்ணு ஏது?"

அக்கா எழுந்துபோய்த் துணி தேய்க்கிற உருளையை ஓடவிட்டாள். உருளைக்கு முன்னால் குறுக்கே ஒரு மெல்லிய கம்பி. "இதைத் தொடுங்க ஐயா," என்றாள். அவர் விரல் பட்டதும் உருளை நின்றது.

"நாளெல்லாம் ஓடுது. துணி போனா விட்டுடுது, விரல் வந்தா நின்னுடுது. துணியையும் நிறுத்தச் சொல்லி நான் கேக்கலையே. விரலுக்கு மட்டும் நின்னாப் போதும்னுதானே கேக்குறேன்."

போதகர் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா விடவில்லை.

"மூப்பரும் இதத்தான் சொன்னாரு. அவன் இஷ்டத்துல கட்டிக்கிட்டான், நான் என்ன செய்யன்னு. நீங்களும் அதையே சொல்றீங்க. கடவுளுக்கும் முதலாளிக்கும் ஒரே வக்கீலா ஐயா?"

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றுபோயின. போதகர் கோபித்துக்கொள்ளவில்லை. மெதுவாகக் கேட்டார்: "அந்தக் கம்பிய மனுஷ மனசுக்குள்ள வச்சா, மொதல்ல உள்ள இருக்குற வெறுப்பு நிக்கும்மா. மூப்பர் மேல உனக்கு இருக்கே, அது. அதைக் கடவுள்கிட்ட எடுத்துக்கச் சொல்லிக் குடுத்துடுவியா?"

அக்கா உருளையை மறுபடி ஓடவிட்டாள். கொடுக்க மாட்டாள். தம்பி போனபிறகு அவள் கையில் மிச்சமிருந்த சொத்து அது ஒன்றுதான். அதையும் பிடுங்கிக்கொண்டு நல்லவளாக நிற்க வைத்தால், நிற்பது அவளாக இருக்காது. அது அவளுக்கே தெரிந்தது, தெரிந்ததுதான் எரிச்சல்.

அவர் போனதும், பக்கத்து மேசையில் வாய் மூடவே மூடாததால் ரேடியோ என்று பெயரெடுத்தவள், "ஐயாவுக்கு ஒரு துண்டாவது குடுத்து அனுப்பியிருக்கலாம், எப்படி வேர்த்துடுச்சு பாரு," என்றாள்.

சபை முழுக்க வந்து அசைக்க முடியாதவளைக் கடைசியில் அசைத்தது அம்மா. மகன் போன நாளிலிருந்து கிழவிக்குக் கால் விழுந்துவிட்டது. சக்கர நாற்காலிதான். டாக்டர் இனிமேல் மருந்து மாற்ற வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அதற்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்கும் தெரியும். ஒருநாள் அக்கா தலை வாரிவிடும்போது அம்மா சொன்னாள்.

"நான் அவன அங்க போய்ப் பாக்கணும்டி. அப்பம் வாங்காம போனா உள்ள விடுவாங்களோ, மாட்டாங்களோ."

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"உனக்கு எப்படித் தெரியும், நீ போய்ட்டு வந்தியா? பெத்தவ நான். எனக்கு இல்லாத வயித்தெரிச்சலா உனக்கு? கைதானே கேக்குறாங்க. மனசையா கேக்குறாங்க? கையக் குடுத்துட்டு வா."

அக்கா சீப்பில் சிக்கிய முடியைச் சுருட்டிக்கொண்டே நின்றாள். அம்மாவுக்கு ஒரு துண்டு ரொட்டியும் ஒரு வாய் ரசமும் வேண்டும். அதற்கு விலை ஒரு பொய். கடவுள் முன்னால், அவர் மேசைக்கு முன்னால், சபையே பார்க்கச் சொல்ல வேண்டிய பொய். அவரே தடுக்கட்டும் என்று நினைத்துக்கொண்டாள். பார்ப்போமே.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிரம்பி வழிந்தது. செய்திதான் ரேடியோ வழியாகப் போய்ச் சேர்ந்துவிட்டதே. மேசைமேல் வெள்ளைத் துணி. அதற்கு அடியில் அப்பம் மேடாகத் தெரிந்தது. மூப்பர் முன்னால் வந்து நின்றார். முன்பைவிட இளைத்திருந்தார். அவர் இளைத்ததைப் பார்த்ததும் அக்காவுக்கு இன்னும் எரிந்தது. சபை பாட்டை எடுத்தது. அம்மாவின் நாற்காலி முதல் வரிசைக்கு முன்னால்.

அக்கா நடந்தாள். கையை நீட்டுவதற்கு முன் கொஞ்சம் நின்றாள். அவளுக்கு மட்டும் தெரிந்த நிற்பு அது. கை மரத்துப்போகலாம், கால் தடுக்கலாம், விளக்காவது அணையலாம். எதுவும் நடக்கவில்லை. கை சுகமாக நீண்டது. இங்கேயும் யாரோ சுவிட்சைக் கம்பியால் கட்டிவிட்டார்கள் என்று நினைத்தாள்.

மூப்பர் அவள் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். நகக்கண்ணில் மாவு. பாட்டுச் சத்தத்துக்கு அடியில் குனிந்து சொன்னார்.

"நான்தான்மா கட்டச் சொன்னேன். அவன் வேணாம்னுதான் சொன்னான்."

சொல்லிவிட்டு அவர் அழுதார். பின்னாலிருந்து பார்த்தவர்களுக்கு அது சமாதானத்தின் கண்ணீர். இரண்டு மூன்று பேர் கைக்குட்டையை எடுத்தார்கள்.

அக்கா அதைச் சபைக்குக் கேட்கச் சொல்லிவிடலாம். ஒரு வார்த்தை போதும். பாட்டு நிற்கும், பந்தி நிற்கும், விசில் மேல் இருக்கும் பழி போகும். திரும்பினாள். அம்மா, கூட்டுக்குள் இருக்கிற குஞ்சு மாதிரி, இப்போதே வாயைப் பாதி திறந்து வைத்துக்கொண்டிருந்தாள். இந்தப் பந்தி கலைந்தால் அடுத்த பந்திக்கு அவள் இருக்க மாட்டாள்.

கத்து என்று யாரும் அவளைத் தள்ளவில்லை. கத்தாதே என்று யாரும் அவள் வாயைப் பொத்தவில்லை. மேலே இருக்கிறவர் இருக்கிற இடத்திலேயே இருந்தார். தன் இஷ்டம் என்பது இவ்வளவு பெரியது என்று அக்காவுக்கு அதுவரை தெரியாது. அதற்குள் நிற்க ஒரு சுவர்கூட இல்லை.

"சரிங்க," என்றாள். கையை உருவிக்கொண்டு போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

போதகர் அப்பத்தைப் பிட்டு அம்மாவின் நாக்கில் வைத்தார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக, வெகு மெதுவாக மென்றாள். தட்டு தன்னிடம் வந்ததும் அக்கா அதைப் பக்கத்தில் இருந்தவளிடம் நகர்த்திவிட்டாள்.

கூட்டம் கலைந்தபின் வாசலில் அம்மா கேட்டாள், நீ எடுத்துக்கவில்லையா என்று. வயிறு சரியில்லை என்றாள் அக்கா. அம்மா அதற்கு மேல் துருவவில்லை. ரொம்ப நாளைக்குப் பிறகு முகம் தெளிந்திருந்தது.

"அப்பம் இன்னிக்குப் பஞ்சு மாதிரி இருந்துச்சுடி. நல்லாப் பிசைஞ்சிருக்காங்க."

"ஆமாம்மா," என்று அக்கா நாற்காலியின் பிரேக்கை எடுத்துவிட்டாள்.