ஏரியிலிருந்து வந்த பாராசூட்

பை முழுக்கச் சேறு. பாராசூட் இருந்த அந்தப் பையை நீள மேஜைமேல் கிடத்தியிருந்தார்கள். பேபி துடைக்கப் போனாள். "தொடாதம்மா, விசாரணை ஆபீசர் வரட்டும்" என்றார் சூப்பர்வைசர் அசரியா. தன் கையால் மடித்து மூடிய பையை யாரோ ஒருத்தர் வந்து தொடும்வரை அவள் தொடக் கூடாதாம். என்ன நியாயமோ. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு ஓரமாக நின்றாள்.

தாம்பரத்துக்குத் தெற்கே இருந்த அந்தப் பட்டறையில் வருஷக்கணக்காக ஒரே ஒரு போர் விமானத்தைச் செய்துகொண்டிருந்தார்கள். சண்டை என்று வந்தால் வெளிநாட்டுக்காரனிடம் போய் நிற்கக் கூடாது என்று ஆரம்பித்த வேலை. பறக்கவிடுவார்கள், எதுவோ சரியில்லை என்று பிரிப்பார்கள், மறுபடி பூட்டுவார்கள். சோதனை விமானம் என்றால் அப்படித்தான். அதை ஓட்டியவர் ராஜகோபால். அவர் உயிர் தன் கையில் என்று பேபி நினைத்திருந்தாள். அவருடைய பாராசூட்டை மடிக்கும்போது யாரும் அவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது. கொடுத்தால், அத்தனையையும் உதறிப்போட்டு முதலிலிருந்து ஆரம்பிப்பாள். "தைரியமா போலாமா பேபி?" என்று ராஜகோபால் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "போங்க சார், நான் கீறேன் இல்ல" என்பாள்.

எண்பத்தேழு ஆடி மாசம், ஒரு செவ்வாய்க்கிழமை, படப்பை ஏரிக்கு மேலே இன்ஜின் நின்றுபோனது. விமானம் ஏரிக்குள் விழுந்தது. ராஜகோபால் செத்துப்போனார்.

பாராசூட் விரியலையாம் என்று கேன்டீனில் எந்தப் பொல்லாத வாயோ ஆரம்பித்துவைத்தது. சாயங்காலம் பேபி பெருங்களத்தூரில் பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. "நீ ஒழுங்காத்தான் மடிச்சிருப்ப, வுடு" என்றான் புருஷன் ஏசுபாதம். சொன்னானே தவிர அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சோறு இறங்கவில்லை. எந்த மடிப்பில் கோட்டைவிட்டேன், எந்தக் கயிற்றைச் சரியாக இழுத்துவிடவில்லை என்று போர்வையை மடித்து மடித்துப் பார்த்தாள். ஆண்டவரே, ஆபீசர் முன்னாடி இழுத்துப் பாக்கறப்போ அது விரியணும், அந்த மனுஷன் என் கையால சாகலைன்னு தெரிஞ்சா போதும் என்று வேண்டிக்கொண்டே இருந்தாள்.

பை கிடந்த மேஜைக்கு விசாரணை அதிகாரி வந்தார். அவருக்குப் பின்னால் ராஜகோபாலின் மனைவி அபிதகுஜாம்பாள். நீங்க வேணாம்மா என்று அசரியா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார்.

"நான் பாக்கணும் சார். ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க" என்று அவள் பேபிக்குப் பக்கத்தில் வந்து நின்றுகொண்டாள்.

அதிகாரி மெதுவாகத்தான் சொன்னார். "சீட்டோட வெளிய தூக்கிப்போடற பிடியை அவர் இழுக்கவே இல்லம்மா. எப்படியாவது பிளேனை முழுசா எறக்கிடணும்னு கடைசி வரைக்கும் பாத்திருக்கார்."

"பாராசூட் மேல அவருக்கு ஏதாவது சந்தேகம் இருந்திருக்கும்" என்றாள் அபிதகுஜாம்பாள். "இல்லேன்னா குதிச்சிருப்பார் சார். வீட்ல நானும் குழந்தையும் இருக்கோம்னு அவருக்குத் தெரியாதா?"

அதிகாரி தலையசைத்தார். அசரியா பாராசூட் பையின் பிடியை இழுத்தார்.

பெரிய துணியை இழுத்துவரும் சின்னக் குடை துள்ளி வெளியே வந்தது. அசரியா அதைப் பிடித்துக்கொண்டு ஹாலின் கோடிவரை நடந்தார். அவர் பின்னாலேயே வெள்ளைத் துணி மடிப்பு மடிப்பாகக் கழன்று வந்தது. கயிற்றில் ஒரு சிக்கல் இல்லை. ஈரத்தில்கூட எதுவும் ஒட்டிக்கொள்ளவில்லை. "உன் பேர்ல தப்பு ஒண்ணும் இல்ல பேபி" என்றார் அசரியா. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனது. சிரித்துவிடுவோமோ என்று பயந்து உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கத்தில் திரும்பினாள்.

அபிதகுஜாம்பாள் துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தான் மடிச்சிருக்கீங்க" என்றாள். பிறகு, "அப்போ அவர் குதிச்சிருக்கலாம்" என்றாள்.

பேபி கயிறுகளைப் பார்த்தாள். ஐயோ, ஒரு கயிறாவது சிக்கித் தொலைந்திருக்கக் கூடாதா? பழி தன் தலையில் விழுந்தால் விழுந்துவிட்டுப் போகட்டும், இவளுக்கு நினைப்பிலாவது வீட்டை மறக்காத புருஷன் மிஞ்சியிருப்பானே.

"இங்க பிடியை இஸ்கறது வேற, மேல வேற மேடம்" என்றாள். "அங்க தொறக்காமகூட போயிருக்கும்." அசரியா அவளைத் திரும்பிப் பார்த்தார். பேபி அவரைப் பார்க்கவில்லை.

அபிதகுஜாம்பாள் காதில் அது விழுந்ததா தெரியவில்லை. துணியின் ஓரத்தைக் கைகொள்ளும் மட்டும் அள்ளிப் பிழிய ஆரம்பித்தாள். ஒற்றை ஆளால் பிழியக்கூடிய துணியா அது? "அம்மா, அதெல்லாம் அப்படியே..." என்று ஆரம்பித்த அதிகாரி, பாதியில் நிறுத்திக்கொண்டார். பேபி போய் மறுபக்கத்தைப் பிடித்தாள். நனைந்த புடவையைப் பிழிகிற மாதிரி அவள் ஒரு பக்கமும் இவள் ஒரு பக்கமுமாக முறுக்க, கலங்கல் தண்ணீர் சிமென்ட் தரையில் கொட்டியது. முறுக்கியதை விட்டுவிட்டு அபிதகுஜாம்பாள் அடுத்த முழத்தை எடுத்தாள். ஹாலின் கோடிவரை துணி கிடந்தது.