சோளப்பால்

அண்ணன் பையைக் கவிழ்த்ததும் ஸ்வீட்கார்ன் கதிர்கள் மேசையில் உருண்டன. "அப்பாவுக்குப் பிடிக்குமேன்னு வாங்கினேன்" என்று அவன் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் எல்லோரும் அப்பாவைப் பார்த்துவிட்டோம். போன மாதக் கடைசியில்தான் அவருடைய பற்கள் அத்தனையையும் பிடுங்கியிருந்தார்கள். ஈறு ஆறினால்தான் பல்செட் வைக்க முடியும்.

"கிண்டல் பண்றதுக்குன்னே வாங்கிட்டு வந்தியாடா?" துண்டுக்குப் பின்னாலிருந்து குரல் குழறி வந்தது. எழுந்து அறைக்குள் போய்விட்டார்.

பல் போனதிலிருந்து அந்தத் துண்டு அவர் வாயை விட்டு இறங்கவில்லை. யார் முன்னாலும் சாப்பிடுவதில்லை. நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்று வீட்டிலேயே இருப்பதால் அவருக்குத் தட்டு கொண்டுபோய் வைப்பது என் வேலை. வைத்த கஞ்சி ஆடை படிந்து, பாதிக்கு மேல் அப்படியே திரும்பி வரும். சரியாகச் சாப்பிடாவிட்டால் புண் ஆறாது என்று டாக்டர் எச்சரித்திருந்தார். அப்பாவின் சட்டைக் காலர் கழுத்தை விட்டு விலகி நிற்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். 'இன்னும் ரெண்டு வாய் சாப்பிடுங்கப்பா' என்று சொல்லாமலே தட்டை எடுத்து வந்துவிடுவேன்.

"உங்கண்ணன் மூளைய வீட்டுல வச்சிட்டுத்தான் காய் வாங்கப் போவாரு" என்றாள் அண்ணி. "அந்தக் கத்திய எடு."

அவள் முத்துகளை உதிர்க்கவில்லை. கதிரைத் தட்டில் நிறுத்தி, ஒவ்வொரு வரிசையின் நடுவிலும் கத்தி நுனியால் கீறினாள். பிறகு கத்தியின் முதுகால் மேலிருந்து கீழே அழுத்தி வழித்தாள். வெளிர்மஞ்சள் பால் கொழகொழவென்று இறங்கியது. தோல் மட்டும் கதிரிலேயே தங்கிவிட்டது. கடிப்பதற்கென்றே பிறந்த ஒன்றுக்குள் இவ்வளவு பால் இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

வெறும் சக்கைகளைக் குப்பைக்கு எடுத்துப் போனேன். "ஏய், பாதி ருசி அதுலதான் இருக்கு" என்று பிடுங்கி, ஒடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டாள். சாறு இறங்கியதும் சக்கைகளை எடுத்துத் தட்டில் வைத்துவிட்டு, பாலை ஊற்றிச் சிறுதீயில் கிளறினாள். மாவு எதுவும் போடாமலே அது தானாகக் கெட்டியானது. கொஞ்சம் வெண்ணெய், உப்பு. மிளகுத்தூள் டப்பாவைத் தொட்டவள், "வேண்டாம், புண்ணு எரியும்" என்று கையை இழுத்துக்கொண்டாள்.

வாசனை என்னை முந்திக்கொண்டு அறைக்குள் போனது. அப்பா அறை வாசலில் வந்து நின்றார்.

"கிண்ணத்துல ஊத்தி மேசையில ஆற வச்சிருக்கேன் மாமா" என்ற அண்ணி திரும்பவே இல்லை. அடுப்பைத் துடைத்துக்கொண்டே, "ஏங்க, அந்த ஜன்னல சாத்துங்க" என்று அண்ணனையும் அந்தப் பக்கம் திருப்பிவிட்டாள். நானும் தரையைப் பார்த்தேன். கிண்ணத்தில் ஸ்பூன் உரசும் சத்தம் கேட்டது. நின்றது. மறுபடி கேட்டது. கடைசியில் அடியைச் சுரண்டியது.

"அந்தச் சக்கைய என்ன பண்ணப்போற?"

"நாய்க்குப் போடலாம்னு இருக்கேன் மாமா."

"நம்ம வீட்டுல ஏதும்மா நாய்?"

அண்ணி சிரித்துக்கொண்டே திரும்பி, தட்டை அவர் முன்னால் நகர்த்தினாள். சக்கையைப் பிடிக்க அவருக்கு இரண்டு கைகளும் வேண்டியிருந்தன. துண்டு மடியில் கிடந்தது. மெல்லச் சுழற்றிச் சுழற்றி உறிஞ்சினார். சாறு முகவாயில் வழிந்து, தொளதொளத்த காலரை நனைத்தது.