இரைச்சல் என்று ஒரு மூன்று விநாடி

1

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் தலையில் முளைத்ததல்ல. பாலக்கரையில் ஒரு டீக்கடை பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "சார், நான் ஒரு மனுஷனை அழிச்சிட்டேன்" என்றார். டீயைக் கையில் கொட்டிக்கொண்டேன். எழுதுகிறவன் புத்தி பாருங்கள், சுட்டது அப்புறம்தான் உறைத்தது, முதலில் தேடியது பேனாவை.

"எழுதுங்க. என் பேர் மட்டும் வேணாம்" என்றார். அதனால் அவரை மன்சூர் என்று வைத்துக்கொள்வோம்.

2

முதல் தொடக்கம்:

பிராக் நகரம், 1967, வெளியே பனி. பாதாள அறையில் சாக்ஸபோன் அலற, இளம் இன்ஜினியர் லக்ஷ்மணன் தன் கோட்டுக்குள் டேப் ரெக்கார்டரை ஒளித்து—

(வேண்டாம். நான் பிராக்கைப் பார்த்ததில்லை. கொள்ளிடம் தாண்டினாலே எனக்கு வெளிநாடு. பனியை எழுதினால் சிரிப்பீர்கள்.)

இரண்டாம் தொடக்கம்:

பழைய கேசட்டையும் ஸ்பூல் டேப்பையும் கம்ப்யூட்டரில் ஏற்றி, இரைச்சல் நீக்கிக் கொடுப்பது மன்சூரின் தொழில். நிக்காஹ் வீட்டுக் கேசட்டுகள், பள்ளிவாசல் பயான் உரைகள், நாதஸ்வரக் கச்சேரிகள் என எல்லாம் அவர் மாடிக்குத்தான் வரும். அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. வேலையை ஒப்படைத்த நிமிடமே, வாடிக்கையாளர் கண்ணெதிரிலேயே தன் கம்ப்யூட்டரில் ஏற்றிய அசல் பதிவை அழித்துவிடுவார். கல்யாண வீட்டுப் பெண்கள் பாடியதும் சிரித்ததும் அந்நிய ஆள் ஒருவரின் பெட்டியில் கிடக்கக் கூடாது அல்லவா? அந்த ஒன்றுக்காகவே ஊர் அவரை நம்பியது.

இது பரவாயில்லை. இப்படியே போகிறேன்.

3

ஸ்ரீரங்கத்திலிருந்து சௌமியா வந்தாள். கல்லூரியில் வேதியியல் பேராசிரியை. (முதல் வரைவில் அவளை அழவிட்டிருந்தேன். இவள் அழுகிற ரகமில்லை, மன்னியுங்கள்.) கையில் ஒரு ஸ்பூல், திறந்ததும் பழைய டேப் மக்கும் வினிகர் நெடி.

"அப்பா திருவெறும்பூர் ஃபாக்டரியில சேர்ந்த புதுசுல பிராக்குக்கு ட்ரெயினிங் அனுப்பிச்சா. அங்கேர்ந்து கொண்டுவந்தது. ரெண்டு வருஷம் முன்னாடி ஸ்ட்ரோக் வந்து அவருக்குப் பேச்சு போயிடுத்து. பரண்லேர்ந்து இதை எடுத்தேன். மார்ல அணைச்சுண்டு விடவே இல்லை. பாய், இரைச்சலெல்லாம் எடுத்துட்டுச் சுத்தமாக் குடுங்கோ."

"அப்பா குரல் வேற ஏதாவது பதிவுல இருக்கா மேடம்?"

"அவர் பேசினாத்தானே இருக்கும்! போனையே எடுக்க மாட்டார்."

டேப் ஓடத் தொடங்கியதும் மன்சூர் காதைப் பொத்திக்கொண்டார். இரண்டு சாக்ஸபோன்கள் ஒன்றையொன்று கடித்துக் குதறின. டிரம்ஸ் எவர் பேச்சையும் கேட்காமல் தன்பாட்டுக்கு ஓடியது. ராகம் இல்லை, தாளம் இல்லை. மெஷின்தான் கோளாறு என்று நினைத்து பெல்ட்டை மாற்றினார், ஹெட்டைத் துடைத்தார். அலறல் இன்னும் தெளிவாகக் கேட்டது.

கீழேயிருந்து மனைவி நஜ்முன்னிசா குரல் கொடுத்தாள். "என்னங்க, மாடில யாரைப் போட்டு அறுக்கிறீங்க? தலைவலி உசுரு போகுது!"

மன்சூர் ஸ்பீக்கரை அணைத்தார். இந்தக் கதையில் நடந்த குற்றம் அதுதான். நான் கண்டுபிடிக்க மூன்று வரைவு ஆனது.

4

(இந்தப் பகுதியைக் கட்டுரை என்று தள்ளிவிட்டுப் போகலாம். போனால் கடைசியில் என்னைத் திட்டக் கூடாது.)

அறுபதுகளில் சில ஜாஸ் கலைஞர்கள் மெட்டு, தாளம், முன்கூட்டிய ஏற்பாடு எல்லாவற்றையும் தூக்கிக் கடாசிவிட்டு மேடையேறினார்கள். கேட்டவர்களில் பாதிப் பேர் எழுந்து போனார்கள், மீதிப் பேர் எழுந்து நின்று கத்தினார்கள். அந்த நேரடிப் பதிவுகளில் பாட்டில் உருள்வதும் கேட்கும், நாற்காலி இழுபடுவதும் கேட்கும். அவற்றைச் சேகரிப்பவர்களுக்கு இருமல்கூடப் பொக்கிஷம்.* அறையையே சேர்த்துத்தான் கேட்பார்கள்.

நம் மன்சூருக்கோ கூட்டத்தின் சத்தம் என்றால் அழுக்கு. இருபது வருடமாக அவர் துடைத்துக் கொடுத்ததெல்லாம் அதைத்தான்.

* எனக்கும் இது போன மாதம்தான் தெரியும். ஒரு பதிவை முழுக்கக் கேட்டேன். பத்து நிமிடத்தில் வியர்த்துவிட்டது. ஏனென்று எழுதிப் பார்த்தேன், அந்தச் சத்தம் என்னை— விடுங்கள்.

5

மன்சூரின் மென்பொருள் ஒன்றே ஒன்றுதான் கேட்கும்: எது இரைச்சல்? அதில் ஒரு துண்டைக் காட்டினால் போதும், அதைப் போன்றதையெல்லாம் முழுப் பதிவிலிருந்தும் எடுத்துவிடும். ஸ்பீக்கர் அணைந்திருந்ததால் மன்சூர் திரையில் ஓடிய கோடுகளைப் பார்த்தார். பதினேழாம் நிமிடத்தில் கருவிகளின் பெரிய கோடுகள் சட்டென்று அடங்கின, நடுவே சின்ன முட்களாக ஏதோ துருத்தின. வாத்தியம் ஓய்ந்த இடத்தில் கூட்டம் கத்துகிறது என்று கண்ணாலேயே தீர்ப்பு எழுதினார். அந்த மூன்று விநாடியைத் தனிக் கோப்பாக வெட்டி, 'குப்பை' என்று பெயரிட்டு மென்பொருளுக்குக் காட்டினார்.

டேப்பின் பூச்சு ஓடும்போதே பழுப்புப் பொடியாக உதிர்ந்துவிட்டது, இனி ஓட்ட முடியாது. மறுநாள் சௌமியா வந்தாள். சுத்தமான பதிவைக் கொடுத்து, அவள் கண்ணெதிரே அசலை அழித்தார். அவளுக்குப் பரம திருப்தி.

நான்காம் நாள் போன் வந்தது.

"பாய், ஒண்ணு கேக்கணும். அப்பா தினம் கேக்கறார். ஆனா பதினேழாவது நிமிஷம் வந்தா இடது கையைத் தூக்கிண்டு காத்துண்டிருக்கார். ஒண்ணும் வரலை. என் முகத்தைப் பாக்கறார். திரும்பப் போடச் சொல்லி ஜாடை காட்டறார். அங்கே ஏதாவது இருந்துதா?"

"பார்த்துச் சொல்றேன் மேடம்" என்று போனை வைத்த மன்சூர் கம்ப்யூட்டரைத் திறந்தார். அசல் இல்லை. மிச்சம் இருந்தது அழிக்க மறந்த அந்தக் 'குப்பை'க் கோப்பு மட்டும். முதல்முறையாக அதைக் காதால் கேட்டார்.

"ரெங்கா! ரெங்கா! நிறுத்தாதே, ஊதுடா!"

சொர்க்கவாசல் திறக்கும்போது ஸ்ரீரங்கத்துக் கூட்டம் எழுப்புகிற அதே கூவல். பிராக் நகரத்துப் பாதாள அறையில், தொண்டை கிழிய, ஒற்றை ஆள். இரைச்சல் இதுதான் என்று காட்டி, அந்த ஒரு மணி நேரப் பதிவிலிருந்து அந்த ஆளின் சத்தம் முழுவதையும் துடைத்திருந்தார் மன்சூர்.

6

சில முடிவுகளை எழுதிப் பார்த்தேன்.

அ) மன்சூர் வாயைத் திறக்கவில்லை. 'அங்கே ஒன்றும் இல்லை மேடம்' என்று சொல்லிவிட்டார். ஊரின் நம்பிக்கையும் தப்பித்தது. (இதைத்தான் அவர் செய்வதாக இருந்தார். நானாக இருந்தாலும் செய்திருப்பேன்.)

ஆ) மூன்று விநாடியைக் கேட்டதும் பெரியவருக்குப் பேச்சு திரும்பி, "ரெங்கா" என்று— (அடித்துவிட்டேன். பக்கவாதம் என் வசதிக்காக இறங்கி வராது.)

நடந்தது வேறு. நஜ்முன்னிசாவிடம் சொன்னார். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள்.

"நீங்க சொல்லலைன்னா அந்தப் பெரியவரு மவுத்தாகிக் கண்ணை மூடுற வரைக்கும் கையைத் தூக்கிட்டே இருப்பாருங்க. அல்லாஹ்வுக்குப் பயந்து போயிட்டு வாங்க."

மன்சூர் பைக்கில் காவிரிப் பாலம் தாண்டிப் போனார். கூடத்தில் சாய்வு நாற்காலியில் சௌமியாவின் அப்பா லக்ஷ்மணன். மன்சூர் நின்றபடியே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். சௌமியா அப்பாவின் பக்கத்தில் போய் நின்றாள். "போடுங்கோ" என்றாள். செல்போனில் போட்டார்.

ஒருமுறை கேட்டாள். இரண்டாம் முறை கேட்டாள்.

"இது எங்கப்பா இல்லை."

"மேடம், தமிழ்ல—"

"பாய், நாப்பத்தெட்டு வருஷமா நான் அவரோட பொண்ணு. எங்கப்பா உரக்கப் பேசி நான் கேட்டதே கிடையாது. காப்பி வேணும்னாக்கூட டம்ளரைத்தான் நகர்த்துவார். கூடப் போன எவனோ கத்தியிருக்கான்."

நாற்காலியின் கையில் பெரியவரின் இடது உள்ளங்கை விழுந்தது. மறுபடி விழுந்தது. பிறகு நிற்காமல் அறையத் தொடங்கியது.

"பாருங்கோ, அவருக்கே சகிக்கலை. பி.பி. ஏறிடும். அழிச்சிடுங்கோ. எப்பவும் எங்க கண்ணெதிரே அழிப்பேளே, இப்பவே அழிச்சிடுங்கோ!"

வாடிக்கையாளர் சொல்லி மன்சூர் அழிக்காமல் இருந்ததில்லை. கட்டைவிரல் திரைக்குப் போய்விட்டது. பெரியவர் அவரையே பார்த்துக்கொண்டு அறைந்தார். அதில் தாளக் கணக்கு எதுவும் இல்லை. வேண்டாம் என்கிறாரா, இன்னொரு தரம் என்கிறாரா, மன்சூருக்குப் பிடிபடவில்லை.

7

டீக்கடையில் மன்சூர் இத்தோடு நிறுத்திவிட்டார். "அப்புறம்?" என்றேன். "நீங்களா இருந்தா என்ன பண்ணியிருப்பீங்க சார்?" என்று திருப்பிக் கேட்டார். டீக்குக் காசைக் கொடுத்துவிட்டு நழுவினேன். அதற்கப்புறம் ஏழு வரைவு போட்டும் கதை அந்தக் கூடத்தைத் தாண்டவில்லை.

ஆகவே இதை உங்கள் தலையில் கட்டுகிறேன். அந்தக் கூடத்தில் மன்சூர் இன்னும் நிற்கிறார், பெரியவர் இன்னும் அறைந்துகொண்டிருக்கிறார். சௌமியா மட்டும்தான் பேசுகிறாள். நீங்கள் எதுவும் சொல்லாமல் பக்கத்தை மூடிவிட்டால், அவள் சொன்னதுதான் நடக்கும்.