கொரினுக்காகக் காய்ச்சியது

ஐந்து கேலன் பீருக்குப் பதினைந்து பவுண்டு மால்ட் என்கிற முளைகட்டிய பார்லி, ஒரு பவுண்டு சர்க்கரை. அதுவரைக்கும் வேலை என்னுடையது, பென்சிலும் காகிதமும் போதும். அதற்கு மேல் கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் பூவுக்குப் பென்சில் உதவாது, மூக்கு வேண்டும். அந்த மூக்கு மூவாயிரம் மைல் தள்ளி மெய்ன் மாநிலத்தில், கொரினோடு இருந்தது.

கொரின் என் மனைவி இல்லை. காதலி என்றும் சொல்லிவிட முடியாது. பதினோரு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் என் கார் ஷெட்டுக்கு வந்து என்னோடு சேர்ந்து பீர் காய்ச்சியவள், அவ்வளவுதான். எங்கள் ஊரான யாக்கிமாவில் அது ஒன்றும் அதிசயமில்லை. ஊரைச் சுற்றி ஹாப்ஸ் தோட்டம், தெருவுக்கு நாலு பேர் வீட்டில் காய்ச்சுகிறார்கள். ஆனால் காய்ந்த பூவை உள்ளங்கையில் தேய்த்து, இரண்டு கையையும் முகத்தில் பொத்திக்கொண்டு, "இதுல வெங்காயம் அடிக்குது வெர்ன், தூக்கிப் போடு" என்று சட்டென்று சொல்ல அவளை விட்டால் ஆள் கிடையாது. நான் நாளெல்லாம் பூப்பறிக்கிற இயந்திரங்களுக்கு அடியில் பழுதுபார்த்தபடி படுத்துக் கிடப்பவன். எனக்கு டீசலும் கிரீஸும்தான் நன்றாகத் தெரியும்.

போன வருடம் அவளுடைய அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். ஆறு மாதத்தில் வந்துவிடுகிறேன் என்று போனாள். அம்மா தேறி, இப்போது கடைக்கே நடந்து போகிறாராம். இவள்தான் வரக் காணோம்.

எங்கள் பீர் ஒரு முசுடு. போதை எட்டரை சதவீதம், கசப்பு தாராளம், கொதித்து இறக்கியபின் வாசனைக்கென்று ஆறு அவுன்ஸ் பூ, புளித்து முடிந்ததும் இன்னும் ஆறு. தயாராக மூன்று வாரம். அதற்கப்புறம் ஒரு மாதம் அமர்க்களமாக இருக்கும். பிறகு வாசனை ஓடிவிடும், நனைந்த அட்டைப்பெட்டியைச் சப்புகிற மாதிரி ஆகிவிடும்.

மே மாதக் கடைசியில் வருகிறேன் என்றாள். நாள் பார்த்துக் காய்ச்சினேன். வரவில்லை. ஜூலை என்றாள், மறுபடி காய்ச்சினேன், மறுபடி வரவில்லை. இரண்டு தடவையும் மீந்துபோனதைச் சாக்கடையில் கொட்டினேன். மூன்றாவது தடவை எனக்கே வெட்கமாக இருக்கிற ஒரு காரியம் செய்தேன். அவள் வரும்வரை தாங்கட்டும் என்று மால்ட்டை ஏற்றி, சர்க்கரையை ஏற்றி, பூவை இரட்டிப்பாக்கிவிட்டேன். நேற்றுக் காய்ச்ச ஆரம்பித்தவன் செய்கிற தப்பு அது. போதை கூடினால் பீர் தாங்கும், வாசனை தாங்காது. பதினோரு வருடம் காய்ச்சியவனுக்கு இது தெரியாதா? தெரியும். மனசு கேட்கவில்லை.

அதை முதலில் குடித்துப் பார்த்தவன் லைல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவன், எங்கள் பீர் கிளப்பில் என் பழைய கூட்டாளி. வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது அவனுக்கு.

"டேய் வெர்ன், என்னத்தடா போட்ட இதுல? நாக்கு மரத்துப் போச்சு."

"பேசாம குடி."

"இதைக் குடிச்சா நாளைக்குப் பிள்ளைங்கதான் பஸ்ஸை ஓட்டணும். ஆமா, அவ எப்ப வர்றாளாம்?"

"செப்டம்பர்ல."

"மேயில வந்தா, ஜூலையில வந்தா, செப்டம்பர்லயும் அப்படியே வருவா."

"உன் வேலையைப் பாருடா."

"சரி, கோவப்படாத. நீ என்னன்னு சொல்லிக் கூப்பிட்ட அவளை?"

"பீர் போட்டிருக்கேன், பூ போட உன் மூக்கு வேணும்னு சொன்னேன். வேற என்ன சொல்றது?"

லைல் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தான். "அட மடையா! பதினோரு வருஷமா அவகிட்ட நீ பாத்தது மூக்கு மட்டுந்தானா?"

எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. எழுந்து போடா என்றேன். போய்விட்டான். மிச்சமிருந்ததை நானே குடித்துத் தலைவலியோடு படுத்தேன்.

செப்டம்பரில் அறுவடை தொடங்கியது. ஊர் முழுக்க ஹாப்ஸ் வாசனை, துவைத்த சட்டையில்கூட அதுதான். முதல் சனிக்கிழமை மத்தியானம் காயவைக்கிற கொட்டகையிலிருந்து ஒரு பை நிறையப் பூ வாங்கி வந்தேன். இன்னும் சூடு ஆறவில்லை. கொரின் சொன்ன தேதிக்கு மூன்று வாரம் இருந்தது. போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, இரண்டு கையிலும் பூவை அள்ளிக்கொண்டேன்.

"கொரின், இப்பத்தான் வந்த பூ. தேய்ச்சிட்டேன். எனக்குப் புல்லு மாதிரிதான் தெரியுது. இந்த வருஷம் மழை கம்மி. அப்படின்னா பழ வாசனை கூடுமா, குறையுமா? நீ வந்து பாக்கிறதுக்குள்ள..."

"வெர்ன், போதும்."

"என்ன போதும்?"

"எனக்கு மூக்கு போச்சு."

எனக்குப் புரியவில்லை. அவள் அடக்கி அடக்கிப் பேசினாள்.

"பிப்ரவரியில காய்ச்சல்ல கிடந்தேன்ல, அதோட போச்சு. எதுவும் தெரியல. போன மாசம் அடுப்புல கேஸ் கசிஞ்சிருக்கு, பக்கத்து வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினப்புறந்தான் தெரியும். டாக்டரைக் கேட்டா, வந்தாலும் வரும், வராமலும் போகும்ங்கறாரு."

"ஏன் சொல்லலை என்கிட்ட?"

"சொல்லி? போன் பண்ணும்போதெல்லாம் மூக்கு வேணும், மூக்கு வேணும்னுதான் பேசற. அது இல்லாம அங்க வந்து நான் என்ன செய்ய? ஓரமா நின்னு பாத்திரம் கழுவவா?"

கூனிக் குறுகிப் போனேன். ஏழு மாதமாக அவளுடைய புண்ணில் நானே விரலை விட்டு நோண்டியிருக்கிறேன். லைல் கேட்டது அப்போதுதான் மண்டையில் ஏறியது. கையிலிருந்த பூவெல்லாம் தரையில் கொட்டிக் கிடந்தது.

"மூக்கு எக்கேடோ கெட்டுப் போகட்டும். எனக்கு நீதான் வேணும்."

அந்தப் பக்கம் அவளுடைய அம்மா பார்க்கிற டிவி மட்டும் கேட்டது.

"என்ன சொன்ன?"

"சொன்னதுதான். இன்னொரு தடவை சொல்லச் சொன்னா வாய் வராது."

அவள் அழுதாளா, சிரித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. நான் பென்சிலை எடுத்தேன்.

"நாக்காவது வேலை செய்யுதா?"

"உப்பு, இனிப்பு, கசப்பு தெரியுது. சாராயம் தொண்டையில இறங்கினா சூடு தெரியுது."

"அது போதும். இரு."

எழுத ஆரம்பித்தேன். கடைசியில் போடுகிற பன்னிரண்டு அவுன்ஸையும் கோடு போட்டு அடித்தேன். வாசனைக்கென்று ஒரு பூகூடக் கிடையாது. எல்லாம் முதலிலேயே, ஒரு மணி நேரம் கொதித்துக் கசப்பு முழுக்க இறங்கட்டும். படித்துக் காட்டினேன்.

"முதல்ல எவ்வளவு போடற?" என்றாள்.

"ரெண்டரை அவுன்ஸ்."

"பத்தாது, நாலு போடு. சர்க்கரையை எடுத்துட்டு மால்ட்டை ஏத்து, அடியில கொஞ்சம் இனிப்பு நிக்கட்டும். வெறும் கசப்புன்னா மருந்து குடிக்கிற மாதிரி இருக்கும்."

"போதை?"

"ஒம்பதுக்குக் குறையாம. தொண்டைக்குத் தெரியணும்."

குரலில் பழைய அதட்டல் வந்துவிட்டது. அதைக் கேட்க எத்தனை மாதம் ஏங்கிக் கிடந்தேன்! எனக்குக் கண் கலங்கியது. எழுதியது தெரியாமல் மேலேயே எழுதினேன்.

"வெர்ன், ஆனா நான் அங்க வரல. இப்ப ஊரே ஹாப்ஸ் வாசனையா இருக்கும். அது தெரியாம அந்தத் தெருவுல நடந்தா நான் உடைஞ்சு போயிடுவேன்."

"உன்னை யாரு வரச் சொன்னா? நான் எடுத்துட்டு வர்றேன்."

"தபால்ல பீர் அனுப்ப விட மாட்டாங்க."

"தபாலா? வண்டியில ஐஸ் பெட்டியை ஏத்தி நானே ஓட்டிட்டு வர்றேன்."

"பைத்தியமா உனக்கு? அஞ்சு நாள் ஆகும். அறுவடையில உன்னை யாரு விடுவா?"

"மூணு வாரத்துல அறுவடையும் முடியும், பீரும் ஆயிடும்."

மேயிலேயே கிளம்பிப் போயிருக்கலாம். அவள் வரவேண்டும், அவள் வரவேண்டும் என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேனே தவிர, என்னிடமும் ஒரு வண்டி நிற்கிறது என்று தோன்றவே இல்லை.

"வழியில சூடு பட்டா பீர் கெட்டுடாதா?" என்றாள்.

"கெட்டுப்போற வாசனைதான் இதுல இல்லையே. ஒரு வருஷம் வச்சிருந்தாலும் ஒண்ணும் ஆகாது."

"அப்ப அவசரமில்ல. பனிக்காலம் போகட்டும், நிதானமா வா."

"பீருக்கு அவசரமில்ல கொரின்," என்றேன். "எனக்கு இருக்கு."