முறியும் வரை இழுக்கவும்

கேன்டீனில் பறந்த ஒரு இட்லி முதலாளியின் மைத்துனர் சட்டையில் போய் ஒட்டிக்கொண்டதில்தான் எல்லாம் ஆரம்பித்தது.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பழைய இரும்பை உருக்கிக் கட்டடக் கம்பி செய்யும் ஆலை அது. இட்லி கிளம்பிய பெஞ்சில் பதினேழு பேர் உட்கார்ந்திருந்தார்கள். பதினேழு பேரும் பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரே குப்பத்து ஆட்கள். வீசியது யார் என்று கேட்டதற்கு எல்லோரும் சாம்பாரைப் பார்த்தார்கள்.

சென்னையில் இருந்த முதலாளிக்கு விசாரணை தேவைப்படவில்லை. அந்தக் குப்பத்துக்காரர்களுக்குப் பிறவியிலேயே கோபம் என்றார். மனிதனின் குணம் கம்பியைப் போலத்தான், வார்க்கும்போதே முடிவாகிவிடுகிறது. ஆகவே கம்பிக்குச் செய்கிற சோதனையையே அவர்களுக்கும் செய்து சான்றிதழ் அனுப்புங்கள், தேறாவிட்டால் பதினேழு பேரையும் வீட்டுக்கு அனுப்பிவிடலாம் என்று தரக்கட்டுப்பாட்டு மேலாளர் தேசிகனுக்கு உத்தரவு வந்தது.

தேசிகன் திருவள்ளூர்க்காரர். பெருமாள் கோயிலில் பரம்பரையாகக் கைங்கரியம் செய்யும் குடும்பம். குரலை உயர்த்தி ஆலையில் யாரும் கேட்டதில்லை. ஒரு கம்பி தேறவில்லை என்றால்கூட அதைப் பார்த்து "அடடா" என்று வருத்தப்பட்டுவிட்டுத்தான் ஒதுக்குவார். ஆனால் எந்தச் சோதனைக்கும் மாட்டேன் என்று சொல்லிப் பழக்கமில்லாதவர். முதலாளி சொன்னதும் அவருக்குச் சரியாகவே பட்டது. உலையில் சேர்ந்த குணம் கம்பியாக உருட்டும் உருளையில் மாறுமா என்ன?

கம்பிக்கு முறை எளிது. உலையிலிருந்து ஒரு தடவையில் ஊற்றும் இரும்புக்கு 'ஹீட்' என்று பெயர். ஒரு ஹீட்டிலிருந்து ஒரு துண்டை வெட்டி மெஷினில் மாட்டி, முறியும் வரை இழுப்பார்கள். எந்த லோடில், அதாவது எவ்வளவு இழுவிசையில், முறிகிறதோ அதுதான் அந்த ஹீட் முழுவதற்கும் குணம். முறிந்த துண்டு திரும்பவும் கம்பிகளோடு சேராது, ஸ்கிராப். ஆலைக்குள் பிறந்த ஸ்கிராப் கேட்டைத் தாண்டி வெளியே போகவும் கூடாது. மறுபடி உலைக்குத்தான் போக வேண்டும்.

குப்பம் முழுவதும் ஒரு ஹீட் என்று முடிவாயிற்று. காலையில் கம்பெனி பஸ்ஸிலிருந்து முதலில் இறங்குகிறவன் சாம்பிள்.

முதலில் இறங்கியவன் திருமலை. ஸ்கிராப் யார்டில் கிரேன் ஓட்டுகிறவன். விஷயம் தெரிந்ததும் பஸ்ஸுக்குள் இருந்த பதினாறு பேரும் அவனைத் திரும்ப உள்ளே இழுக்கப் பார்த்தார்கள். ஏனென்றால் இட்லியை வீசியதே அவன்தான். போன மழைக்குப் புதுவாயல் கூட்டுரோட்டில் பைக் நின்றுபோனதற்காக அதை உதைத்துவிட்டு, அங்கேயே போட்டுவிட்டு வீடுவரை நடந்தே போனவன். யாரோ தள்ளிக்கொண்டு வந்து கொடுத்த பிறகும், அந்தப் பைக்கோடு பேச்சு வார்த்தை இல்லை என்று பஸ்ஸிலேயே வந்துகொண்டிருக்கிறவன்.

நண்பன் ஹேமநாத் அவனைக் குழாயடிக்கு இழுத்துப்போனான்.

"நைனா, பதினேழு ஊட்டு அடுப்பு உன் வாயிலகீது. அவுரு இன்னா சொன்னாலும் சிரிச்சுக்கினே இரு. நீ முறிஞ்சா நாங்க எல்லாரும் முறிஞ்சோம்."

பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாற்காலி, ஒரு மேஜை, மேஜைமேல் ஒரு தட்டில் நாலு இட்லி. வீசுவதற்கு. கெட்ட வார்த்தை, கை ஓங்கல், இட்லி வீச்சு, இவற்றில் எது நடந்தாலும் முறிவு என்று இளம் என்ஜினியர் மிருதுளா விதி வகுத்திருந்தாள். இழுக்க வேண்டியது தேசிகன். அதாவது, திட்ட வேண்டும். திட்டின் காரம்தான் லோடு.

தேசிகன் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நீ அவ்வளவு நல்லவன் இல்லைன்னு கேள்விப்பட்டேன். தப்பா நெனச்சுக்காதப்பா."

திருமலை சிரித்தான். மிருதுளா லோடு பூஜ்யம் என்று அறிவித்தாள்.

மறுநாள் அவன் கிரேன் ஓட்டுவது தமக்கு முழுத் திருப்தி தருவதில்லை என்றார் தேசிகன். சொன்ன கையோடு அவனுக்குத் தண்ணீரும் ஊற்றிக் கொடுத்தார். அதற்கடுத்த நாள் வார்த்தை எதுவும் அகப்படாமல் வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார். திருமலைக்கே பாவமாக இருந்தது.

"சார், இப்டித் திட்னா எறும்புக்குக்கூட ரோசம் வராது. சோமாரின்னு ஆரம்பிங்க. அடிவயித்துலேர்ந்து வரணும்."

தேசிகன் சொல்லிப் பார்த்தார். முதலில் அது ஏதோ மாத்திரையின் பெயர் போல ஒலித்தது. திருமலை திருத்தினான். எந்த இடத்தில் மூச்சை இழுக்க வேண்டும், எந்த இடத்தில் எதிராளியின் தலைமுறைகளைத் தொட வேண்டும் என்று பொறுமையாகக் காட்டிக்கொடுத்தான். தேசிகன் சிறு வயதில் பாசுரம் பாடம் கேட்டவர். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், மறக்காது. சீக்கிரமே பரிசோதனைக் கூடத்தின் கண்ணாடி அதிர ஆரம்பித்தது. லோடு ஏறிக்கொண்டே போயிற்று. மிருதுளா பஞ்சை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள்.

திருமலை சிரித்துக்கொண்டே இருந்தான். ஆரம்பத்தில் மேஜைக்கடியில் அவன் கால்விரல்கள் செருப்பைக் கவ்விப் பிடித்துக்கொண்டிருந்தன. அப்புறம் பிடி தளர்ந்தது. ஒருநாள் தேசிகன் அவனுடைய மூன்று தலைமுறையையும் ஒரே மூச்சில் முடித்தபோது, உள்ளே எதுவுமே வலிக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்துத் திருமலை திடுக்கிட்டான்.

இந்த நிலைமையில் ஆலையின் கேட்டுக்கு இரண்டு பெண்கள் வந்து சேர்ந்தார்கள். ஒருத்தி மீஞ்சூர் மார்க்கெட்டில் இறால் விற்றுவிட்டுக் கூடையோடு வந்த செல்லியம்மாள், திருமலையின் மனைவி. இன்னொருத்தி தேசிகனின் மனைவி கோதைநாயகி. இருவரையும் சமாதானப்படுத்த மிருதுளா கேட்டுக்குப் போனாள்.

"கொழம்புல உப்பே போடாம வச்சேம்மா. நல்லாகீது செல்லின்னு துன்னுட்டு எழுந்து போறாரு. பைக்காண்ட போயி சாரி கேட்டுக்கினுகீறாரு. எனக்குப் பயமாகீது. என் ஆளத் திருப்பிக் குடுங்க."

கோதைநாயகி புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"எங்காத்துக்காரர் நேத்து கோயில்ல தீர்த்தம் குடுக்கறவரைப் பார்த்து, இன்னா சாமி, உத்தரணிக் கரண்டில ஓட்டையான்னு கேட்டுட்டார். கொத்தமல்லி விக்கறவன் எங்க தெருப் பக்கமே வரதில்லை. இந்த வயசுல இவருக்கு எங்கேர்ந்து வந்தது இந்தக் குணம்?"

செல்லியம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அது எங்க ஊட்டுதுக்கா. எடுத்துத் தந்துடச் சொல்லுங்க."

மிருதுளா, சொல்லிப் பார்க்கிறேன் என்று கிளம்பினாள். திரும்பிப் போனபோது பரிசோதனைக் கூடத்தின் திரையில் முதலாளியின் முகம் வந்திருந்தது. வீடியோவில் கூப்பிட்டிருந்தார். ஒரு கம்பியை முறிக்க ஐந்து நிமிஷம் ஆகிறது, ஒரு ஆளை முறிக்க இத்தனை நாளா என்று கேட்டார். தேசிகன் அப்போது திட்டின் உச்சத்தில் இருந்தார். திரும்பிய வேகத்தில் அது திரையின் மேல் விழுந்தது.

"யோவ் சோமாரி, டெஸ்ட் நடக்கச் சொல்லோ உன்ன யாருய்யா கூப்ட்டது?"

முதலாளி திரைக்குக் கிட்டே வந்து தேசிகனை உற்றுப் பார்த்தார். பிறகு, நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் மெதுவாக.

தேசிகன் முகத்திலிருந்து அத்தனையும் வடிந்து போயிற்று. திரையைப் பார்த்து "அடடா" என்றார், தேறாத கம்பியைப் பார்த்துச் சொல்வது போலவே. பிறகு தமது டிபன் பாக்ஸை எடுத்து மூடியைப் பொருத்த முயன்றார். அது பொருந்தவில்லை.

மேஜைக்கடியில் திருமலையின் கால்விரல்கள் செருப்பைக் கவ்வின. குழாயடியில் ஹேமநாத் சொன்னது அவனுக்கு நன்றாகவே ஞாபகம் இருந்தது. பதினேழு அடுப்பும் கண்ணுக்கு முன்னால் வரிசையாக வந்து நின்றன. அவற்றோடு பதினெட்டாவதாகத் திருவள்ளூரில் ஒரு அடுப்பும் வந்து நின்றது.

"இத்தினி வருசம் ஒழச்ச மனுசன ஒரு வார்த்தைக்குத் தொரத்துவியா? அந்த வார்த்தயே நான் சொல்லிக் குடுத்ததுய்யா."

அதற்குப் பிறகு அவன் சொன்னவை தேசிகனுக்கே புதிய பாடங்கள். கடைசியில் இட்லி பறந்தது. திரையில் முதலாளியின் நெற்றி இருந்த இடத்தில் பட்டு, மூக்கு வழியாக மெதுவாக இறங்கியது.

 இட்லிக்குப் பின்னாலிருந்து முதலாளியின் குரல் வந்தது. முப்பது வருஷமாக இரும்பு விற்கிற மனிதர். அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"எவ்வளவு லோடுல முறிஞ்சான்?"

மிருதுளா காதிலிருந்து பஞ்சை எடுத்தாள்.

"அவனைத் திட்டினதுக்கு முறியலை சார். நம்ம மெஷின், அதாவது தேசிகன் சார், எட்டின உச்சம் வரைக்கும் தாங்கினான். இன்னொருத்தருக்கு ஒண்ணுன்னதும்தான் முறிஞ்சான். ஸ்டாண்டர்டுக்கு ரொம்ப மேல."

"அப்ப ஹீட் பாஸ். சாம்பிளை?"

"ஸ்கிராப் சார்."

"தேசிகன்?"

"அவரும் முறிஞ்சுட்டார் சார். அவரும் ஸ்கிராப்தான். ஆனா நம்ம ஸ்கிராப் கேட்டைத் தாண்டக் கூடாது சார். மறுபடி உலைக்குத்தான் போகணும்."

முதலாளி யோசித்தார். அந்த விதியைப் போட்டதே அவர்தான். சரி, விதிப்படி செய்யுங்கள் என்று சொல்லிவிட்டுத் திரையிலிருந்து மறைந்தார். இட்லி மட்டும் இருந்தது.

தேசிகனும் திருமலையும் ஒரு ஷிப்ட் முழுக்க உலைக்குப் பக்கத்தில் நிறுத்தப்பட்டார்கள். பழைய கேட், உடைந்த சைக்கிள், யார் வீட்டிலோ துருப்பிடித்த கட்டில் எல்லாம் அவர்கள் கண்முன்னால் ஒரே குழம்பாகக் கொதித்தன. எது கட்டில், எது கேட் என்று தெரியவில்லை. சாயங்காலம் வியர்வை சொட்ட வெளியே வந்தவர்களுக்கு மிருதுளா ஒரே ஹீட் நம்பரைக் கொடுத்தாள். பழைய வேலையில் புதிய ஆட்களாகச் சேர்ந்துகொண்டார்கள்.

வீட்டுக்குப் போனதும் திருமலை குழம்பை வாயில் வைத்துவிட்டு ஊரைக் கூட்டினான். செல்லியம்மாள் நிம்மதியாக உப்பு டப்பாவைத் திறந்தாள். தேசிகன் கொத்தமல்லிக்காரனைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டு, திரும்பும்போது மட்டும் குறுக்கே வந்த ஆட்டோவை ஒரு சின்ன வார்த்தை சொன்னாராம். கோதைநாயகி அதைக் காதில் வாங்காதது போல இருந்துவிட்டாள்.

அடுத்த வாரம் முதலாளியிடமிருந்து உத்தரவு வந்தது. புதிய ஹீட்டுக்குச் சான்றிதழ் எங்கே?

ஹீட்டில் இருப்பதே இரண்டு பேர். தாமே சாம்பிளாக இருப்பதாகச் சொல்லித் தேசிகன் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். மேஜைமேல் நாலு இட்லி வந்தது. இழுக்க வேண்டியது திருமலை. அவன் எதிரில் வந்து நின்றான், வாயைத் திறந்தான், மூடினான், வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"சார், நீங்க அவ்ளோ நல்லவரு இல்லன்னு கேள்விப்பட்டேன். தப்பா நெனச்சுக்காதீங்க."

லோடு பூஜ்யம் என்றாள் மிருதுளா.

தேசிகன் பெருமூச்சு விட்டு, ஒரு இட்லியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டார்.

"இப்படித் திட்டினா எறும்புக்குக்கூட ரோஷம் வராதுப்பா. சோமாரின்னு ஆரம்பி."